கறுப்புக் கோட்டு

அத்தியாயம் 11

மிஸ் டூயி டேப் ரிக்கார்டரின் பொத்தானை அமுக்கினார். முதலில் கரகரவென்று இரைச்சல். அப்புறம் காணாமல் போன பந்தய நாய்க்காரர் கோர்மக்கின் குரல் அவர் வீட்டுச் சமையலறைக்குள் வந்தது.

"மோயா, நான் நல்லாத்தான் இருக்கேன். அவங்க சொல்றபடி கேளு. நாளைக்கு நாயை ஓட விடு. ஞாயித்துக்கிழமை பூசைக்கு என் கறுப்புக் கோட்டை எடுத்து வை. நீயே உன் கையால எடுத்து வை."

அவ்வளவுதான். டேப் சுற்றிக்கொண்டே இருந்தது, குரல் மட்டும் இல்லை.

ஜன்னலுக்கு வெளியே கூண்டுகளில் இருந்த நாய்கள் எல்லாம் எழுந்துவிட்டன. மழையைப் பொருட்படுத்தாமல் கம்பியில் முன்னங்காலை வைத்துக்கொண்டு, குரைப்பும் இல்லாமல் ஊளையும் இல்லாமல் ஒரு முனகல். எஜமான் வீட்டுக்குள் இருக்கிறார், நம்மைப் பார்க்க வரவில்லையே என்று அவற்றுக்கு ஏக்கம். எனக்கே பாவமாக இருந்தது. நாய்களோடு எனக்கு அவ்வளவு ஒட்டுதல் கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அயர்லாந்தில் இந்த பாலிகேரன் ஊர் நாய்ப் பந்தயத் திடலில் பல வருஷம், பந்தயப் பணம் வாங்கும் பெட்டிங்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று, ஒன்றுக்கு இத்தனை என்று கத்தியவன் நான். நாய்கள் என்னை ஏமாற்றியது கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது நான், மாலக்கி டன்ஃபி, மிஸ் ஹனோரா டூயிக்கு கார் ஓட்டுகிறேன், குடை பிடிக்கிறேன், வேண்டாத நேரத்தில் வாயைத் திறக்கிறேன். மிஸ் டூயி முப்பது வருஷம் இந்த ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து அத்தனை பேர் பேச்சையும் காதில் வாங்கியவர். ஓய்வு பெற்றதும் பாதரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணி அத்தனையையும் கொட்டிவிடுவார் என்று ஊரே பயந்தது. அவர் துப்பறியும் நிலையம் திறந்தார். ஊருக்கு இன்னும் பயம் போகவில்லை.

"அந்தக் கடைசிக் கூண்டுல இருக்கறது யாரு?" என்று கேட்டார் மிஸ் டூயி. அவர் டேப்பைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுதான் ஹார்பர் பெல், மேடம்" என்றேன். "நாளைக்குப் பொன்விழாக் கோப்பை இறுதி ஓட்டத்துல ஜெயிக்கப் போற மகாராணி."

"மகாராணிக்குக் காது கேக்காதோ?"

நான் எட்டிப் பார்த்தேன். எல்லா நாய்களும் துடித்துக்கொண்டிருக்க, அந்தக் கூண்டில் இருந்த வரிப்பட்டை நாய் மட்டும் வைக்கோலில் சுருண்டு, கொட்டாவி விட்டது. எஜமான் குரலுக்கு ஒரு காதைக்கூட நிமிர்த்தவில்லை.

"அது பெல் இல்ல மிஸ்" என்றார் பிலோமினா லீஹி.

காணாமல் போன கோர்மக் லீஹியின் அக்கா இந்த பிலோமினா. துறைமுகத்தில் மீன் வறுத்து விற்கும் கடை வைத்திருப்பவர், உருளைக்கிழங்கு மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குவார். எங்களைக் கூப்பிட்டதும் அவர்தான். "அன்னிக்கு ராத்திரி தம்பி கடைக்கு ஓடி வந்தான். 'அக்கா, பெல்லைக் குளிப்பாட்டினேன், கையெல்லாம் சாயம் ஒட்டுது, யாரோ நாயை மாத்தி வச்சிருக்கான், விடிஞ்சதும் திடல் அதிகாரிகிட்ட போய்ச் சொல்லிடுவேன்'னான். விடிஞ்சப்ப ஆளே இல்ல. அப்புறம் போன் வந்துது. 'நாய் ஓடட்டும், வாயைத் திறக்காதீங்க, ஓட்டம் முடிஞ்சதும் அவர் வீட்டுக்கு வருவார்'னு." ஊரே பெல் மேல்தான் பணம் கட்டியிருந்தது, மாற்றி வைத்த நாய் தோற்றால் எதிராகக் கட்டியவனுக்குக் கொள்ளை லாபம்.

"அக்கா, திரும்பத் திரும்ப அதையே சொல்லாதீங்க. எனக்கு நெஞ்சு படபடங்குது" என்றாள் மோயா. கோர்மக்கின் மனைவி. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. அப்படியும் எங்களுக்குத் தேநீர் ஊற்றி, சோடா ரொட்டியில் வெண்ணெய் தடவி வைத்திருந்தாள். "டினியும் காலைலேர்ந்து அத்தானைத் தேடி மழையில அலையறான்."

டினி ரோச் அவளுடைய தம்பி. திடலில் ஓட்டத்துக்கு முன்னால் நாய்களுக்குக் கோட்டு மாட்டுகிற வேலை அவனுக்கு.

நேற்று அந்தப் போன் மறுபடி வந்தபோது மிஸ் டூயி ரிசீவரைப் பிடுங்கி, "அவர் குரலைக் கேட்டாத்தான் நாய் ஓடும், இல்லேன்னா நானே திடல் அதிகாரி வீட்டுக் கதவைத் தட்டுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். இன்றைக்கு வாசல் பால் கேனுக்கு மேலே இந்த டேப் இருந்தது.

"கோர்மக்கோட கறுப்புக் கோட்டைக் கொஞ்சம் காட்டும்மா" என்றார் மிஸ் டூயி.

மோயா எழுந்திருப்பதற்குள் பிலோமினா, "என் தம்பிக்கு ஏது கறுப்புக் கோட்டு? அப்பாவை அடக்கம் பண்ணினப்பவே பழுப்புக் கோட்டுலதான் நின்னான். ஊர் முழுக்கப் பேசிச்சு" என்றார்.

"பழுப்பைத்தான் ஏதோ பதட்டத்துல..." என்று மோயா இழுத்தாள்.

எனக்குள் பொறி தட்டியது. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

"மேடம், இது மனுஷன் போடற கோட்டு இல்ல! நாய்க் கோட்டு! பந்தயத்துல எந்தப் பெட்டியிலேர்ந்து எந்த நாய் ஓடுதுன்னு தெரிய ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிறம். ஒண்ணுக்குச் சிவப்பு, ரெண்டுக்கு நீலம், மூணுக்கு வெள்ளை, நாலுக்குக் கறுப்பு, அஞ்சுக்கு ஆரஞ்சு, ஆறுக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு. டப்ளினோ லண்டனோ, எங்க போனாலும் இதேதான். எங்க திடல்ல நம்பரை யாரும் சொல்லவே மாட்டாங்க, நிறத்தைத்தான் சொல்லுவாங்க. கறுப்புன்னா நாலு. அவர் நாலுன்னு சொல்றார்!"

"எது நாலு?"

எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

மிஸ் டூயி டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். வெளியே நாய்கள் மறுபடி முனகின. அந்த ஒரு நாய் மறுபடி தூங்கியது.

"'நல்லாத்தான் இருக்கேன்'னு சொல்றப்ப பின்னாடி ஒரு மணிச் சத்தம் கேக்குதா?" என்றார். "எக்ஸ்சேஞ்ச் ஜன்னலுக்கு நேர் கீழே தினம் அடிச்ச மணி அது. கப்பலுக்கு வழிவிட ஆத்துப் பாலத்தைத் திருப்பறப்ப அடிக்கற மணி. ஆனா இங்க அது தலைக்கு மேலேர்ந்து வருது. குரலும் கல்லுல பட்டுத் திரும்புது. பாலத்துக்குப் பக்கத்துல, தரைக்குக் கீழே கல்லுக் கட்டடம் என்ன இருக்கு?"

"பார்லிக் கிடங்கு!" என்றார் பிலோமினா. "துறைமுகச் சுவருக்கு அடியில. சாராய ஆலை மூடினதுலேர்ந்து சும்மாதான் கிடக்கு."

"எத்தனை கிடங்கு?"

"ஆறு" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

ஆறு கதவு. நான் கர்வத்தோடு கழுத்தை நிமிர்த்தினேன். மிஸ் டூயி என்னைப் பாராட்டவில்லை. பாராட்டினால் சம்பளம் கேட்பேன் என்ற பயம் அவருக்கு.

"மோயா, நீ நாய்க்காரன் பொண்டாட்டி. மாலக்கி சொல்றது சரிதானா? கறுப்புன்னா நாலா?"

மோயா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். "நாலுதான் மிஸ். வேற என்ன? சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே."

"சரி. கிளம்புங்க. மாலக்கி, அந்தக் கடப்பாரையை எடு."

"போலீஸ் வேண்டாமா? வெளியே தெரிஞ்சா அவரைக் கொன்னுடுவாங்க..." என்று மோயா பதறினாள்.

"அம்மா, இன்னிக்கு என்ன நாளுன்னு தெரியுமா? கடல் தண்ணி ஆத்துல ஏறறது இந்த வருஷத்துலயே இன்னிக்குத்தான் அதிகம். ரேடியோவுல காலைலேர்ந்து கத்தறான். அந்தக் கிடங்கு எல்லாம் கூரை வரைக்கும் முழுகும். அவரைக் கொல்ல யாரும் கையை ஓங்கக்கூட வேண்டியதில்ல. கதவைச் சாத்திட்டுப் போனா போதும். மிச்சத்தை ஆறு பாத்துக்கும்."

இவ்வளவு நேரம் இது நாயைப் பற்றிய விவகாரம் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புறப்படுகிற அவசரத்திலும் மிஸ் டூயி வாசலில் நின்றுவிட்டார். இயேசுவின் திரு இருதயப் படத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கலர் போட்டோ. பளீரென்ற வெயில், தென்னை மாதிரி மரங்கள், ஒரு வேட்டை நாய், அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெள்ளைத் தொப்பி போட்ட யாரோ.

"இந்த நாய் பச்சைக் கோட்டு போட்டிருக்கே?"

"புனித பேட்ரிக் திருநாளா இருக்கும் மேடம். அன்னிக்கு நாங்க பீருலயே பச்சைச் சாயம் கலந்து குடிப்போம், நாய்க்கு என்ன வந்துது? வாங்க, தண்ணி ஏறுது."

அவர் அந்தப் படத்துக்கு ரொம்பக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய் ஒருமுறை பார்த்தார். பிறகு வந்து காரில் ஏறினார்.

துறைமுகத்தில் ஈ காக்கை இல்லை. வெள்ளப் பயத்தில் கடைகளுக்கு மணல் மூட்டை அடுக்கிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சுவரில் மட்டும் நாளைய ஓட்டத்துக்கான போஸ்டர்கள் மழையில் ஊறித் தொங்கின. நாய்களுக்கு முன்னால் ஓட விடும் மின்சாரப் பொம்மை முயல் அயர்லாந்துக்கு வந்து ஐம்பது வருஷம் ஆனதைக் கொண்டாடும் கோப்பை. அதற்கு முன்பெல்லாம் வயலில் நிஜ முயலை விட்டு நாய்களை ஏவுவார்கள், முயலுக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்பாவது இருந்தது. இப்போது நாய் என்ன ஓடினாலும் முயல் அதன் வாயில் சிக்காது. மனிதர்களைப் பொறுத்தவரை பழைய முறைதான் இன்னும் நடக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றியது.

பார்லிக் கிடங்குகள் ஒரு சின்னப் படகுத்துறையின் இரண்டு கரையிலும் இருந்தன. இந்தக் கரையில் இரண்டு, நாலு, ஆறு. எதிர்க்கரையில் ஒன்று, மூன்று, ஐந்து. எதிர்க்கரைக்குப் போக வேண்டுமென்றால் ஆற்றுப் பாலத்தில் ஏறிச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு கதவுக்கும் துறைமுக மேடையிலிருந்து பாசி பிடித்த கல் படிகள் இறங்கின. கீழ்ப் படிகள் ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன. ஆறு மண் நிறத்தில், சத்தம் போடாமல் ஏறிக்கொண்டிருந்தது.

"காரை விட்டு இறங்கு மோயா" என்றார் மிஸ் டூயி. "சாவியை என்கிட்ட குடு மாலக்கி."

எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கொடுத்துவிட்டேன்.

"சார்ஜென்ட்டுக்கு டெலிபோன் பண்ணினீங்களா?" என்று பிலோமினா கேட்டார்.

"கிளம்பறதுக்கு முன்னாடியே. என்ன, மணல் மூட்டை அடுக்கப் போயிருக்காராம். வந்தாத்தான் நிஜம்."

நாலாம் கதவுக்கு இறங்கினோம். முழங்கால் வரை தண்ணீர், குளிர் எலும்பைப் பிடித்தது. கதவைத் தட்டி, "கோர்மக்! டேய் தம்பி!" என்று பிலோமினா கத்தினார். உள்ளே பதில் இல்லை. வாயைக் கட்டியிருப்பான் என்றேன். பழைய ஓக் கதவு, குறுக்கே இரும்புப் பட்டை. கடப்பாரையைப் பூட்டுக்குள் விட்டு நானும் பிலோமினாவும் மாறி மாறி நெம்பினோம். ஒவ்வொரு அடியும் எதிர்க்கரைச் சுவரில் பட்டு எங்களுக்கே திரும்பி வந்தது. என் உள்ளங்கை கிழிந்தது. நாங்கள் நெம்புகிற நேரத்தில் தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது.

ஒரு வழியாகப் பட்டை பிய்ந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தேன்.

அழுகிய பார்லி நாற்றம். உடைந்த ஒரு பெட்டி மிதந்தது. அதன் மேல் இரண்டு எலிகள் உட்கார்ந்து, நீ யார் என்பதுபோல் என்னைப் பார்த்தன. டார்ச் வெளிச்சத்தைச் சுவர் சுவராக ஓட்டினேன். கோர்மக் இல்லை. யாரும் இருந்ததற்கான அடையாளமே இல்லை.

பிலோமினா படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "போயிட்டானா? என் தம்பி போயிட்டானா?"

"வேற எங்கயோ கொண்டு போய்ட்டாங்க!" மேடையிலிருந்து மோயா கத்தினாள். "இங்க இல்லவே இல்ல. வாங்க மிஸ், ஸ்டேஷனுக்குப் போகலாம். இங்க நின்னு என்ன பிரயோஜனம்? வாங்க!"

நான் மேலே ஏறி வந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஒரு கிண்டலும் வரவில்லை. நாலு நாலு என்று குதித்தவன் நான்தானே.

மிஸ் டூயி மட்டும் நிதானமாக, மழையில் நனைந்துகொண்டு, கேட்டார்: "மாலக்கி, பச்சைக் கோட்டு எத்தனாம் நம்பர்?"

"இப்ப அதுவா மேடம் முக்கியம்?"

"எத்தனாம் நம்பர்?"

"பச்சையே கிடையாது. நம்ம நாட்டுலயும் கிடையாது, இங்கிலாந்துலயும் கிடையாது. நான்தான் சொன்னேனே, சிவப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு..."

"கிடையாதுன்னா அந்தப் போட்டோவுல நாய் எதைப் போட்டுக்கிட்டு நிக்குது? அது திருவிழா வேஷம் இல்ல. கோட்டுல நம்பர் இருந்துது. நாலு."

"பச்சையில நாலா?" என்றேன். "இருக்காது மேடம், நாலுன்னா கறுப்பு..."

போன வருஷம் திடலில் என்னோடு சண்டைக்கு வந்த அமெரிக்கர் ஞாபகத்துக்கு வந்தார். 'நான் அஞ்சாம் நம்பர் மேல கட்டினேன், கறுப்பு நாய் ஜெயிச்சிடுச்சு, பணத்தைக் குடு' என்று என் சட்டையைப் பிடித்தார். கறுப்பு நாலு சார், அஞ்சு ஆரஞ்சு என்றால் கேட்கவில்லை. 'எங்க ஃப்ளோரிடாவுல எட்டு நாய் ஓடும், நாலு பச்சை, கறுப்பு அஞ்சுடா முட்டாள்' என்று கத்தினார். குடித்திருக்கிறார் என்று ஆள் வைத்து வெளியே தள்ளினேன்.

"பிலோமினா! கோர்மக் எங்க வேலை பார்த்தார்? இங்க வர்றதுக்கு முன்னாடி?"

"ஃப்ளோரிடாவுல. ரொம்ப வருஷம். ஏன்?"

"அஞ்சு!" என்று அலறினேன். "அவர் சொன்னது அமெரிக்கக் கறுப்பு! அஞ்சாம் கதவு!"

டேப்பில் கேட்டது இப்போதுதான் முழுசாகப் புரிந்தது. கடத்தினவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். அவன் திடல்காரனாக இருந்தால் நிறத்தின் அர்த்தம் அவனுக்கும் தெரியும். ஆரஞ்சுக் கோட்டு என்றால் உடனே பிடித்துக்கொள்வான். கறுப்பு என்றால் அவன் கணக்கில் நாலு, ஆள் கிடப்பதோ ஐந்தில், அதனால் சந்தேகமே வராது. அவன் காது வழியாகவே செய்தியை அனுப்பியிருக்கிறார் மனிதர்.

"அப்ப இந்தச் சேதி யாருக்கு மேடம்? அமெரிக்க நிறம் நமக்கு எப்படித் தெரியும்னு அவர்..."

'நீயே உன் கையால எடுத்து வை.' கேள்வியை முடிக்கவில்லை. பதில் எனக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

"மோயாவும் அங்கதானே வேலை பார்த்தா?" என்றார் பிலோமினா, ஒன்றும் புரியாமல். "அங்கதானே ரெண்டு பேருக்கும் கல்யாணமே ஆச்சு. நாயை மைதானத்துக்குக் கூட்டிட்டு வர்ற பொண்ணு... வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு..."

மூன்று பேரும் மோயாவைப் பார்த்தோம். அவள் அழவில்லை. மூக்கின் சிவப்புகூட மழையில் போய்விட்டது. எங்களைப் பார்க்காமல் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயிரம் நாய்க்குக் கோட்டு மாட்டின கை" என்றார் மிஸ் டூயி. "நாலுதான், வேற என்னன்னு கேட்டியே."

மோயா மறுபடி தண்ணீர்ப் பக்கம் திரும்பினாள்.

அந்த நேரம் பார்த்து ஆற்றுப் பாலத்தில் மணி அடித்தது.

"பாலத்தைத் திருப்பறான்! கப்பல் வருது!" என்று கத்தினேன். பாலம் திறந்தால் எதிர்க்கரைக்கு வழியே இல்லை. கப்பல் போய் முடிவதற்குள் ஐந்தாம் கிடங்கு முழுகிவிடும்.

பிலோமினா என் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அந்த உடம்பு அப்படி ஓடும் என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் பந்தயம் கட்டித் தோற்றிருப்பேன். நான் பின்னால். எனக்குப் பின்னால் மிஸ் டூயி, ஒரு கையில் தொப்பி, ஒரு கையில் செபமாலையோ கார்ச் சாவியோ. பாலக்காரர் கண்ணாடி அறையிலிருந்து கையை ஆட்டித் திட்டினார். நாங்கள் எதிர்முனையைத் தொடும்போது பாலம் காலுக்கடியில் நகர ஆரம்பித்துவிட்டது. கரைக்கும் பாலத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்து, கீழே ஆறு தெரிந்தது. பிலோமினா தாண்டினார். நான் தாண்டினேன். மிஸ் டூயி, "இந்த வயசுல இது தேவையாடா எனக்கு!" என்று கத்திக்கொண்டே தாண்டி என் மேல் விழுந்தார்.

ஐந்தாம் கதவின் படிகளில் தண்ணீர் இடுப்புக்கு மேலே இருந்தது. கதவில் பாதி தெரியவில்லை. பிலோமினா காதைக் கதவில் வைத்தார்.

"இருக்கான்! உள்ள உதைக்கிறான்!"

பூட்டு தண்ணீருக்குள் போய்விட்டது. நான் மூச்சைப் பிடித்து முங்கித் தடவி, கடப்பாரையின் நுனியை வைத்தேன். பிலோமினா மேலிருந்து தன் முழு உடம்பையும் சாய்த்தார். அந்தம்மாள் அழுதுகொண்டே, தம்பியையும் கடவுளையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டே நெம்பினார். மூன்றாம் முறை நான் முங்கி எழுந்தபோது ஏதோ முறிந்தது. கதவு உள்பக்கமாகப் போக, ஆறு எங்களையும் இழுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது.

சுவரில் ஓர் இரும்பு வளையம். அதில் கட்டப்பட்டிருந்தார் கோர்மக். தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கை மட்டும் தண்ணீருக்கு வெளியே வைத்துக்கொண்டிருந்தார். கண்கள் கூரையைப் பார்த்தபடி இருந்தன. செத்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அந்தக் கண்கள் என் பக்கம் திரும்பின.

கயிற்றை அறுத்தோம். எப்படிப் படியேற்றினோம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மேடையில் கிடத்தி வாய்க்கட்டை அவிழ்த்ததும் ஆற்றில் பாதியை வாந்தி எடுத்தார். பிலோமினா அவரை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு முதுகைத் தேய்த்தார். மிஸ் டூயி தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார்.

"யாருப்பா கட்டினது?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"டினி." பற்கள் அடித்துக்கொண்டன. "என் மச்சினன். சாயம் பூசின நாயைக் கொண்டு வந்து வச்சவனும் அவன்தான். டேப்பை... ரெண்டு தடவை போட்டுக் கேட்டான் மிஸ். ஒண்ணும் பிடிபடல. எனக்குச் சிரிப்பு வந்துது, அந்த நிலைமையிலயும்." இருமினார். இருமல் அடங்கியதும் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "மோயாவுக்குப் புரிஞ்சுதா?"

மிஸ் டூயிதான் சொன்னார்: "புரிஞ்சுதுப்பா. கேட்ட உடனே புரிஞ்சுது."

கோர்மக்கின் முகம் மலர்ந்தது. குளிரில் நீலம் பாரித்திருந்த அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

"எனக்குத் தெரியும். அவ ஒருத்திக்குத்தான் புரியும்னு தெரியும். வாயைக் கட்டற வரைக்கும், டினி வாசல்ல இருக்கறப்பல்லாம், உன் அக்காவையே ஏமாத்தறியேடா, அவ உன்னை மன்னிக்கவே மாட்டாடான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். பாவம், அவளுக்குத் தம்பின்னா உசுரு. அவகிட்ட பக்குவமாச் சொல்லணும் மிஸ். அவ எங்க?"

ஆற்றுப் பாலம் இன்னும் திறந்தே இருந்தது. படகுத்துறைக்கு அந்தப் பக்கம், நாலாம் கதவுக்கு மேலே, மோயா நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு போலீஸ் கார் வந்து நின்றது. சார்ஜென்ட் கதவைத் திறந்து இறங்கினார்.

கோர்மக் அவளைப் பார்த்துவிட்டார். கையைத் தூக்கி ஆட்டினார். அவள் ஆட்டவில்லை.

"பயந்து போயிருக்கா" என்றார். கை இறங்கவில்லை. அப்படியே தூக்கினபடி, அவளுக்குக் கீழே உடைந்து தொங்கிய நாலாம் கதவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "உள்ள கிடக்கறப்ப எதிர்ப்பக்கம் இடிக்கிற சத்தம் கேட்டுது. நீங்கதானா அது?"

"நாங்கதான்" என்றேன்.

"அவளுக்கு உடனே புரிஞ்சுதுன்னீங்களே. அப்புறம் ஏன் முதல்ல அங்க போய் இடிச்சீங்க?"

பிலோமினா அவர் தலையை இழுத்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டார். அக்காவின் தோளுக்குள்ளிருந்து அவர் மறுபடி கேட்டார், "சொல்லுங்க மிஸ், ஏன்?"